சனிக்கிழமை அடித்த வீட்டுநடை

மோஸ்லிங் ஊரில் பீர்த் திருவிழாவைத் தொடங்கி வைப்பவர் மேயர். முடித்து வைப்பவள் பூர்கி.

மேயர் வேலை சுலபம். மரச்சுத்தியலால் பீப்பாயில் குழாயை அடித்து இறக்க வேண்டும், முகத்தில் நுரை தெறித்தால் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். பூர்கியின் வேலை கடைசி நாளான திங்கட்கிழமை சாயங்காலம் வரும். பேண்டு மேடையின் பின்வரிசையில் பெரிய மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பாள். திருவிழாக் கூடாரத்தில் பேச்சு அடங்கும். அவள் மேளம் மட்டும் தனியாக ஒலிக்கத் தொடங்கும். மேய்ச்சலிலிருந்து மாடு வீடு திரும்புகிற வேகம். அதற்குப் பிறகுதான் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சேரும். பேண்டு மேடையை விட்டு இறங்கி நடுப்பாதையில் நடக்கும். ஜனங்கள் குவளையை அது எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே வைத்துவிட்டு எழுந்து, கையோடு கை கோத்துப் பின்னால் போவார்கள். கஷ்கொட்டை மரங்களுக்கு ஊடாக மதுவாலையின் கல் கிடங்குவரை பேண்டைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த இசைக்குப் பெயர் வீட்டுநடை. அது ஒலித்துவிட்டால் அடுத்த ஆண்டுவரை அந்தக் கூடாரத்தில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. முன்பு கூடாரத்தை நடத்திய ஒரு கூடாரத்துக்காரர், மறுநாள் காலையில் தன் மச்சானுக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தார். அவருடைய விடுதிப் பக்கம் ஊர்க்காரர்கள் தலைவைத்துப் படுக்கவில்லை. கடைசியில் அவர் விடுதியை விற்றுவிட்டு ஊரை விட்டே போனார்.

பூர்கியின் முழுப்பெயர் வால்புர்கா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அகலமான தோள், உரத்த குரல், பனிக்காலத்தில்கூட மடித்துவிட்ட சட்டைக் கை. மேளம் சுமந்தவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், வேறு யாராலும் அதைத் தூக்க முடியாததால் அவளிடம் கொடுத்தார்கள். அப்போது பேண்டில் பெண்களே கிடையாது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் மட்டும்தாம்மா," என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வந்து சேரவில்லை. கணவன் ரூப்பெர்ட் ஒரு குளிர்காலத்தில் மலைக்கு அப்பால் பனிச்சறுக்கு இழுவை இயந்திரம் பழுது பார்க்கப் போனான். பனி உருகியது. அவன் திரும்பவில்லை. பூர்கி அதற்காக ஒரு ஒத்திகையைக்கூடத் தவறவிடவில்லை. தவறவிட்டால் ஊர் அதைப் பற்றிப் பேசும் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு எஞ்சியிருந்த சொந்தம் தம்பி வின்சென்ஸ். அம்மா சர்க்கரை ஆலையில் ஷிஃப்டு வேலைக்குப் போன காலத்தில் அவனுக்குத் தலைவாரி, பள்ளிக்கு இழுத்துப் போய், சண்டையில் கிழிந்த சட்டையைத் தைத்து, அடியும் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். வின்ஸ் எதிலும் நிலைக்காதவன் என்று ஊரில் பெயர். மோட்டார் சைக்கிள் கடை வைத்தான், மூடினான். நடனக்கூடம் வைத்தான், அதையும் மூடினான். திருவிழாக் கூடாரத்தை நடத்த இந்த வருடம் விண்ணப்பித்தபோது பூர்கி ஊர்மன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவர் சமையலறையிலும் போய் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்து, அவனுக்காகப் பேசினாள். கிடைத்தது. ஒரே ஒரு வருடம், சோதனைக்கு. நன்றாக நடந்தால் தொடரலாம்.

"இதுவும் போச்சுன்னா நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன்க்கா," என்று வின்ஸ் சொல்லியிருந்தான். விளையாட்டுக்குச் சொல்கிறவன் முகம் அல்ல அது.

அதனால் அந்தச் சனிக்கிழமை பிற்பகல் கூடாரம் நிரம்பி வழிந்ததைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெஞ்சுகளில் இடமில்லை. பக்கத்து ஊர்ச் சங்கங்கள் கொடிகளோடு வந்திருந்தன. வறுத்த கோழி வாசனையும் வியர்வையும் கலந்து அடித்தன. சுருளாகச் சீவி உப்புத் தூவிய வெள்ளை முள்ளங்கி தட்டுத்தட்டாகப் போய்க்கொண்டிருந்தது. பரிமாறும் பெண்கள் இரண்டு கைகளிலும் குவளைக் கொத்துகளோடு தோளால் வழி பிளந்து நடந்தார்கள். வெக்கையில் காற்றே இல்லை. பேண்டு இடைவேளை விட்டதும் பூர்கி பீர் ஊற்றும் ஊற்றுமேடைக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

தீயணைப்புப் படைத் தலைவர் வின்ஸைத் தேடி அங்கேதான் வந்தார். சீருடைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவசரமாக வந்திருக்கிறார்.

"வின்ஸ், கூடாரத்தைக் காலி பண்ணு."

வின்ஸ் சிரித்தான். "வியாழக்கிழமையும் இதைத்தான் சொன்னீங்க. நேத்தும் சொன்னீங்க. நாலு தூறல் போட்டுச்சு. என் கோழிக்குக்கூடப் போதல."

"இன்னிக்கு வேற மாதிரி. மேற்கே ரெண்டு ஊர்ல ஓடு பறந்திருக்கு. நேரா இங்கதான் வருது. அரை மணி நேரம் இருந்தா உன் அதிர்ஷ்டம்."

"வராமப் போனா?"

"வந்தா?"

வின்ஸ் கையிலிருந்த துணியை ஊற்றுமேடைமேல் எறிந்தான். "சரி, நீங்களே சைரன் அடிச்சு விரட்டுங்க. உங்களுக்குத்தான் அதிகாரம் இருக்கே."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அடிக்கலாம். உள்ள மூவாயிரம் பேர். பாதிப் பேருக்குப் போதை. பெஞ்சுக்கு நடுவுல கால் வைக்க இடமில்ல. சைரன் கேட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? காத்து கொல்றதுக்கு முன்னாடி நாமளே கொன்னுடுவோம்."

பூர்கி குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"மைக்ல சொல்லுங்க," என்றாள். "அமைதியா சொல்லச் சொல்லுங்க. ஆல்பன் நல்லாப் பேசுவான்."

ஆல்பன் ரீடல் பேண்டின் நடத்துனன். ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பவன். முரட்டுப் பிள்ளைகளையும் குரலாலேயே உட்கார வைப்பவன். அவன் மைக்கைப் பிடித்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: பெரியோர்களே, புயல் ஒன்று வருகிறது, பதறாமல் எழுந்து கிடங்குப் பக்கம் போகலாம்.

தலைகள் திரும்பின. பிறகு எங்கிருந்தோ ஒரு குரல்: "அப்ப புயலுக்கு முன்னாடி இன்னொண்ணு!"

கூடாரம் கூரை கிழியச் சிரித்தது. "புயல் வாழ்க!" என்றது இன்னொரு மேஜை. குவளைகள் மேஜையில் மோதின. வாழ்த்து, வாழ்த்து என்று மூவாயிரம் தொண்டை கத்தியது. வாழ்த்து வாசித்தால் எல்லோரும் எழுந்து நின்று குவளையை உயர்த்திக் குடிப்பார்கள். பரிமாறும் பெண்கள் அடுத்த சுற்றுக்கு ஓடுவார்கள். ஆல்பன் மறுபடி வாயைத் திறந்தான். அவன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை. வெளுத்த முகத்தோடு திரும்பிப் பூர்கியைப் பார்த்தான்.

மோஸ்லிங்காரர்களை மேஜையிலிருந்து நகர்த்தக் கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது.

"வேணாம்," என்றான் ஆல்பன். "பூர்கி, இன்னிக்கு சனிக்கிழமை."

"நான் என்ன கிழமைன்னா கேட்டேன்?"

அவள் மேடையேறி மேளத்தை எடுத்தாள். பட்டையைத் தோளில் மாட்டும்போது தலைக்குமேல் கூரைத்துணி ஒருமுறை உள்ளே உறிஞ்சிக்கொண்டு வெளியே உப்பியது. தூங்குகிறவனின் வயிறு மாதிரி. நடுவில் தொங்கிய, பீரில் சேர்க்கும் ஹாப்புக் கொடியால் கட்டிய பெரிய மாலை, காற்றே இல்லாத இடத்தில், மெல்ல ஆடியது. குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

வின்ஸ் மேடை ஓரத்துக்கு ஓடிவந்தான். அவள் தோளில் மேளத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா. அக்கா, இறக்கி வை."

"வழி விடு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை இருக்கு. பாதித் திருவிழா இன்னும் பாக்கி. நீ அதை அடிச்சா எல்லாம் முடிஞ்சுது. திரும்ப ஊத்த முடியாது. அது உனக்கும் தெரியும்."

"தெரியும்."

"ஒரு பத்து நிமிஷம் பொறு. வானத்தப் பாத்துட்டு..."

"வின்ஸ், நான் பாத்துட்டேன்."

"புயல் வராமப் போனா என்னை யாரு மதிப்பா? உன்னை யாரு மதிப்பா? எனக்காக வீடு வீடாப் போயி காபி குடிச்சது இதுக்குத்தானா?"

அவள் கோலை ஓங்கினாள். முதல் அடி விழுந்தது.

அந்த ஓசைக்கு மோஸ்லிங்கில் பிறந்த எவர் முதுகும் நிமிரும். முன்வரிசை மேஜைகளில் பேச்சு நின்றது. பிறகு அதற்குப் பின்வரிசை. வாயருகே போன குவளைகள் பாதியில் நின்றன. அடி, நடை, அடி, நடை. ஆல்பன் டிரம்பெட் வரிசையை வெறித்துப் பார்த்தான். அவர்கள் அவனை வெறித்துப் பார்த்தார்கள். அவன் கை தானாகவே உயர்ந்தது. டிரம்பெட்டுகள் சேர்ந்துகொண்டன.

பேண்டு படியிறங்கியது. பூர்கி எப்போதும்போல் முதலாவதாக.

நடுப்பாதையில் கால் வைத்ததும்தான் அவள் ஒரு தவறைக் கண்டாள். வீட்டுநடை தொடங்கியதும் கூடாரத்துக்காரர் தன் கையால் குழாயைத் திருகி மூட வேண்டும். அதுதான் முறை. வின்ஸ் ஊற்றுமேடைக்குத் திரும்பிப் போயிருந்தான், ஆனால் குழாயைத் தொடவில்லை. குழாய் ஓடும்வரை ஊற்றுகிறவர்கள் ஊற்றுவார்கள். ஊற்றினால் பெண்கள் சுமப்பார்கள். எதிரே பரிமாறுகிற மெக்தில்ட் வந்துகொண்டிருந்தாள், இரண்டு கையிலும் நிறைந்த குவளைகள், மார்போடு அணைத்து. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். பாதை அடைபட்டுவிட்டது.

"பூர்கி, என்னடி இது கூத்து?" என்றாள் மெக்தில்ட். "நான் எந்தப் பக்கம் போறது? வின்ஸு மூடலயே!"

பூர்கி அவளைத் தாண்டி ஊற்றுமேடையைப் பார்த்தாள். தம்பியின் முகம் தெரிந்தது. சின்ன வயதில் சண்டையில் தோற்று வந்து வாசலில் நிற்பானே, அதே முகம். கை குழாய்மேல் இருந்தது. திருகவில்லை. மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. ஜனங்கள் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவன் மூடாவிட்டால் இது ஒரு குடிகாரக் கேலி. நாளைக்குச் சிரித்துக்கொள்ளலாம்.

வின்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். தோள் அசைந்தது. குழாய் நின்றது.

மெக்தில்ட் அதைத் திரும்பிப் பார்த்தாள். பதினாறு வயதிலிருந்து குவளை சுமப்பவள், நிறைந்த குவளையைக் குடிக்கிறவன் முன்னால் தவிர வேறெங்கும் வைத்தறியாதவள், குனிந்து எல்லாவற்றையும் பாதையோரம் தரையில் வைத்தாள். மற்றப் பெண்களும் வைத்தார்கள். பாதை திறந்தது.

மேஜைகள் எழுந்தன. முணுமுணுப்போடு, கேள்வியோடு, சிலர் திட்டிக்கொண்டு, ஆனாலும் எழுந்தார்கள். பழக்கம் கால்களைத் தூக்கிவிட்டது. மூளை பின்னால் வந்தது.

"வேகமா," என்று ஆல்பன் பின்னாலிருந்து அவள் காதருகே சீறினான். "பூர்கி, வேகமா அடி. கேக்குதா, அந்தக் காத்து?"

கேட்டது. மேற்குப் பக்கத் துணி படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. அதற்கென்று ஒரு தாளம் இருந்தது, மேளத்தைவிட வேகமான தாளம். அவள் கை அதோடு போகத் துடித்தது. போனால் பின்னால் வருகிற கால்களும் போகும். வேகமாக நடக்கிறவன் ஓடுவான், ஓடுகிறவன் முன்னால் இருப்பவனைத் தள்ளுவான். பெஞ்சுகள் சாயும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கால்களை மட்டும் பார்த்தாள். இடது கால் தரையில் படும்போது அடி. மாடு வீடு திரும்புகிறது. மாட்டுக்கு அவசரமில்லை.

கூடாரத்தின் பாதியில் ஹார்ட்டலின் மேஜை. ஊரில் மிக வயதான தச்சர். பச்சைத் தொப்பியில் காட்டாட்டு ரோமக் குஞ்சம். அவர் உட்கார்ந்தால் அந்த மேஜை உட்காரும். அந்த மேஜை உட்கார்ந்தால் அதைச் சுற்றியிருக்கும் பத்து மேஜைகளும் உட்காரும். அவர் எழவில்லை. முழங்கைகளை மேஜையில் ஊன்றியிருந்தார்.

"ஏய் பூர்கி! உனக்கு நாள் கிழமை மறந்துபோச்சா? இன்னிக்கு சனிக்கிழமைடி!"

சுற்றிலும் சிரிப்பு. எழுந்தவர்களில் சிலர் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"பஸ்ஸ ஓட்டி ஓட்டி மண்டை சுத்திருச்சு போல. அடுத்த ஸ்டாப்பு திங்கக்கிழமைம்மா, இங்க இறங்காத!"

வீட்டுநடையின்போது மேளக்காரர் பேசக் கூடாது. பேசினால் அது நடையாகாது. பூர்கி நின்றாள். நடப்பதைத்தான் நிறுத்தினாள், அடிப்பதை அல்ல. அவர் முன்னால் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி அடித்தாள். பின்னால் பேண்டு ஒருவர்மேல் ஒருவர் முட்டி நின்றது. அதற்குப் பின்னால் ஜனம் தேங்கியது. ஆல்பன் ஏதோ சொன்னான், தயவுசெய்து என்பதுபோல் இருந்தது. மேலே ஹாப்பு மாலை இப்போது கோயில் மணிபோல் ஆடியது. கம்பம் ஒன்று முனகியது.

ஹார்ட்டல் சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அவர் வாழ்நாளில் வீட்டுநடையை விளையாட்டுக்கு அடித்தவர் யாரும் இல்லை. அடிக்கவும் மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

"அடிப்பாவி," என்றார் மெதுவாக. "நெஜமாவா?"

பூர்கி அடித்துக்கொண்டே இருந்தாள்.

அவர் குவளையைத் தள்ளி வைத்தார். பாதிகூடக் குடிக்காத குவளை. மேஜையைப் பிடித்து எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். "எந்திரிங்கடா," என்றார், தச்சுப்பட்டறையில் கூப்பிடுகிற குரலில். "பேண்டு வீட்டுக்குப் போகுது. கண்ணு தெரியலயா?"

பத்து மேஜைகளும் எழுந்தன.

வாசலைத் தாண்டியபோது வானம் பித்தளைப் பாத்திரம் களிம்பேறின நிறத்தில் இருந்தது. கஷ்கொட்டை இலைகள் புரண்டு வெள்ளை முதுகைக் காட்டின. தூசி சுழன்று வாயில் புகுந்தது. முதல் இடி மிக அருகில் இறங்கியது. அவளுக்குப் பின்னால் ஒரு பெண் வீறிட்டாள். யாரோ ஓட முற்பட்ட காலடி கேட்டது. மேளம் மாறவில்லை என்பதால் அந்தக் காலடியும் தயங்கி, மறுபடி நடையோடு சேர்ந்தது.

இந்த வழக்கத்தில் இருக்கிற கொடுமை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேண்டு முன்னால் போகிறது. அதாவது பேண்டு முதலில் தப்பிக்கிறது. கிடங்கின் கல் வாசலை அவள் அடைந்தபோது ஊர்வலத்தின் வால் இன்னும் கூடாரத்துக்குள்தான் இருந்தது. டூபா ஊதுகிறவர்கள் கிடங்கின் கூரைக்குக் கீழே நுழைந்து மூச்சு விட்டார்கள்.

"உள்ள வா," என்றான் ஆல்பன். "போதும் பூர்கி, வந்துட்டோம்!"

அவள் வாசலுக்கு வெளியே, ஓரமாக ஒதுங்கி, ஜனத்துக்கு வழிவிட்டு நின்றுகொண்டு அடித்தாள். மேளம் நின்றால் கடைசியில் வருகிறவர்கள் ஓடுவார்கள். ஆலங்கட்டி விழத் தொடங்கியது. தோளில், நெற்றியில், மேளத்தோலில். தோல் நனைந்து ஓசை மழுங்கியது. அவள் இன்னும் ஓங்கி அடித்தாள். கொடிக்காரர்கள் போனார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு தகப்பன் போனான். ஹார்ட்டல் யாருடைய கையையும் பிடிக்க மறுத்தபடி போனார். நெற்றியிலிருந்து ஏதோ கண்ணுக்குள் வழிந்தது. மழையா ரத்தமா என்று பார்க்க அவளுக்குக் கை ஒழியவில்லை. சமையல்காரர்கள், மெக்தில்ட், மற்றப் பெண்கள். தீயணைப்புக்காரர்கள். வரிசை மெலிந்தது, அறுந்தது. வெற்று முற்றத்தில் ஆலங்கட்டி துள்ளியது.

வின்ஸ் வரவில்லை.

அடி, நடை. அடி. அவள் நின்ற இடத்திலிருந்து கூடாரத்தின் வாசல் கறுத்த வாயாகத் தெரிந்தது. உள்ளே விளக்குகள் அணைந்துவிட்டன. முட்டாளே, என்று மனதுக்குள் கத்தினாள். ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை. வா. வா. வா.

வந்தான். நடந்து வந்தான். எல்லோருக்கும் கடைசியாக, தலையில் ஒன்றும் போடாமல், ஆலங்கட்டி தோளில் மோத, ஓடாமல், மேளத்துக்கு ஏற்ற நடையில். அவளைக் கடந்து உள்ளே போனான். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மேளத்தை நிறுத்திவிட்டு அவன் பின்னால் நுழைந்தாள்.

காற்று வந்தது.

கிடங்கின் கதவைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். இடைவெளியில் கூடாரம் தெரிந்தது. அதன் மேற்குப் பக்கம் முழுவதும் தரையிலிருந்து எழும்பியது, கட்டை அவிழ்க்கப் பார்க்கிற காளைபோல. கயிறுகள் விண்ணென்று இழுபட்டு நின்றன. உள்ளே கண்ணாடி நொறுங்கும் ஓசை. யாரோ பிரார்த்தனை சொன்னார்கள். கூடாரம் எழும்பியே நின்றது, நின்றது. பிறகு பெருமூச்சுவிட்டு இறங்கியது.

ஒரு கோழியைத் தின்று முடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது. மேகம் கிழக்கே போயிற்று. வெயில்கூட வந்தது.

கூடாரம் நின்றுகொண்டிருந்தது.

"நிக்குதே!" என்றான் ஓர் இளைஞன். சிரித்தான். அந்தச் சிரிப்பு பரவியது, பிறகு புளித்தது. மூவாயிரம் பேர், நனைந்த சட்டையோடு, வெறுங்கையோடு, சாயங்கால வெயிலில்.

"அப்ப திரும்பப் போய்க் குடிக்கலாம்தானே?"

"எப்படிக் குடிக்கிறது? வீட்டுநடை அடிச்சாச்சு," என்றார் ஹார்ட்டல்.

"அதுக்கு? ஒரு பொம்பளை பயந்துபோயி அடிச்சதுக்கு முழுத் திருவிழாவையும் விட்டுடணுமா?"

"உனக்குத் தாகமா இருந்தா ஆத்துல போய்க் குடி. அடிச்சது அடிச்சதுதான்." அவர் அப்படிச் சொன்னாலும் பூர்கியின் பக்கம் திரும்பிய பார்வையில் கனிவில்லை. ஒருவர் பார்வையிலும் இல்லை. மெக்தில்ட் மட்டும் ஈரத்துணியைக் கொண்டுவந்து அவள் நெற்றியைத் துடைத்தாள்.

வின்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனான். பூர்கி மேளத்தை இறக்கிவைத்துவிட்டுப் பின்னால் போனாள்.

அவன் கூடாரத்துக்குள் நுழையவில்லை. மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போய், கயிறுகள் தரையில் இறங்குகிற இடத்தில் குந்தி உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

தரையில் அடித்த இரும்பு முளைகள், கொண்டைமட்டும் தெரிய வேண்டியவை, அந்த வரிசை முழுவதும் முழங்கால் உயரத்துக்கு மேலே வந்திருந்தன. ஈரமண் ஒட்டிய இரும்பு வெயிலில் மின்னியது. கயிறு அவற்றின் கழுத்தில் தொளதொளவென்று தொங்கியது.

பூர்கி குனிந்து ஒரு முளையைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"காத்து இன்னொரு தடவை அடிச்சிருந்தா," என்றான் வின்ஸ். முடிக்கவில்லை.

"ம்."

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு."

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப. அப்புறம் அடிச்சிருந்தா உன்னை மீறி அடிச்ச மாதிரி ஆயிருக்கும்."

"இப்ப மட்டும் என்ன ஆச்சாம்?" அவன் ஏறக்குறையச் சிரித்தான். முளையின் கழுத்தைப் பிடித்து அசைத்தான், ஆடுகிற பல்லை அசைப்பதுபோல. "போன வாரம் முழுக்க மழை. மண்ணு இளகிக் கெடந்துச்சு. கூடாரம் போட்டவங்க இந்தப் பக்கம் இன்னொரு வரிசை முளை அடிக்கணும்னு சொன்னாங்க. அடிச்சா வறுவல் கடை போட இடமில்ல. இருக்கறதே போதும்னேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"இதை அவங்களுக்குக் காட்டினா உன்னைத் திட்ட மாட்டாங்க," என்றான். "என்னைத்தான் திட்டுவாங்க. கூடாரம் அடுத்த வருஷம் இல்ல, எந்த வருஷமும் கிடைக்காது. காட்டலன்னா, ரெண்டு நாள் கழிச்சு எல்லாத்தையும் பிடுங்கி லாரில ஏத்திடுவாங்க. யாருக்கும் தெரியாது. நீதான் சனிக்கிழமை பயந்துபோயி மேளம் அடிச்சவ. சாகறவரைக்கும்."

பூர்கிக்கு வாய்வரை வந்தது. பரவாயில்லை விடு, நான் தாங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். சின்ன வயதிலிருந்து அதைத்தான் சொல்லிவந்திருக்கிறாள். கிழிந்த சட்டைக்கு, மூடிய கடைக்கு, எல்லாவற்றுக்கும். அவன் அதைத்தான் எதிர்பார்க்கிறான் என்பதும் அந்தக் குந்தலில் தெரிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல வின்ஸ்," என்றாள். "நீயே முடிவு பண்ணு."

கிடங்குப் பக்கமிருந்து சச்சரவு உயர்ந்து கேட்டது. யாரோ பூர்கியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், இன்னொருவர் அதட்டினார். வின்ஸ் முளையைப் பார்த்தபடி இருந்தான். அந்தப் பத்து நிமிஷம், அவளிடம் கேட்டானே, அதை இப்போது எடுத்துக்கொண்டான் போலிருந்தது. பிறகு எழுந்தான். முழங்காலில் ஒட்டிய சேற்றைத் துடைக்காமல், கையை வாயில் குவித்துக் கத்தினான்.

"ஹார்ட்டல்! இங்க வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். முதலில் ஹார்ட்டல், அவர் பின்னால் அந்த இளைஞர்கள், ஆல்பன், பிறகு யார் யாரோ. கூடாரத்தின் மூலையைச் சுற்றி வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பூர்கி தம்பியின் பக்கத்தில் நகர்ந்து நின்றாள்.

"முளைய நான் சரியா அடிக்க விடல," என்றான் வின்ஸ். "என் தப்பு."

ஹார்ட்டல் நம்பவில்லை. தச்சர் அல்லவா, கண்ணால் பார்த்தது போதாது. வரிசையில் முதல் முளையின் அருகே போய், காலைத் தூக்கி, பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு தட்டுத் தட்டினார்.

அது சாய்ந்து புல்லில் விழுந்தது.